தடுப்பூசியின் பாதுகாப்பு எவ்வளவு காலம் நிலைக்கும்? – ஈரலழற்சி பி தடுப்பூசியும் நிர்ப்பீடன ஞாபகமும்

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம், சுகாதாரமும் உடற்கல்வியும்
துணைப் பாடம்: நிர்ப்பீடனமும் தொற்றுநோய்த் தடுப்பும்



நிர்ப்பீடனம் பற்றிய அலகிலே தடுப்பூசிகளின் பெயர்களையும் அவை வழங்கப்படும் வயதையும் பலர் மனப்பாடம் செய்து வைத்திருப்பீர்கள். ஆயினும் “குழந்தைப் பருவத்தில் ஏற்றிய தடுப்பூசி இன்றும் என்னைப் பாதுகாக்கின்றதா?” என்று கேட்டால் காரணத்துடன் விடையளிப்போர் சிலரே. இவ்வினா பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. இன்னும் சில ஆண்டுகளில் உங்களிற் சிலர் தாதியர் பயிற்சிக்கோ மருத்துவ பீடத்துக்கோ செல்வீர்கள். சிலர் இரத்த தானம் செய்வீர்கள். சிலர் விபத்தில் காயமுற்றவரைத் தூக்கி முதலுதவி செய்ய நேரிடும். அப்போது இந்த விடை உங்களுக்கே தேவைப்படும்.

இலங்கையின் தேசிய நோய்த்தடுப்புத் திட்டத்தில் ஈரலழற்சி பி தடுப்பூசி 2003 ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டிலும் அதற்குப் பின்னரும் குழந்தைகளாக இருந்து ஊசி பெற்றவர்களில் மூத்தோர் இன்று இருபது வயதைத் தாண்டிவிட்டனர். எனவே “இளம் வயதினரில் இப்பாதுகாப்பு எவ்வளவு காலம் நிலைக்கும்?” என்பது எமது நாட்டுக்கும் உரிய வினாவாகும். இதனைப் படிப்படியாக ஆராய்வோம்.

1. நோயை அறிந்துகொள்வோம்

ஈரலில் ஏற்படும் அழற்சி ஈரலழற்சி எனப்படும். இதனை ஹெப்பற்றைற்றிஸ் என்றும் அழைப்பர். கண்ணும் தோலும் மஞ்சளாகும் நிலையையே மக்கள் செங்கண்மாரி என்கின்றனர். செங்கண்மாரி ஓர் அறிகுறி மட்டுமே. அதனைத் தோற்றுவிக்கும் காரணிகள் பல. ஈரலழற்சியை ஏற்படுத்தும் வைரசுகளுள் ஏ, பி, சி, டி, ஈ என்பன முக்கியமானவை.

மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இரண்டை இங்கு வேறுபடுத்தி அறிக.

• ஈரலழற்சி ஏ – மாசடைந்த நீர், உணவு மூலம் பரவும். நாட்பட்ட நோயாக மாறுவதில்லை.
• ஈரலழற்சி பி – குருதி மற்றும் உடற்பாய்பொருட்கள் மூலம் பரவும். நாட்பட்ட நோயாக மாறக்கூடியது.

ஈரலழற்சி பி பரவும் வழிகள்:
(அ) தொற்றுள்ள தாயிடமிருந்து பிறப்பின்போது குழந்தைக்கு
(ஆ) பாதுகாப்பற்ற பாலுறவு
(இ) கிருமிநீக்கம் செய்யப்படாத ஊசிகள், பச்சை குத்தும் கருவிகள், காது குத்தும் கருவிகள்
(ஈ) சவர அலகு, பற்தூரிகை போன்றவற்றைப் பகிர்ந்து பயன்படுத்தல்
(உ) பரிசோதிக்கப்படாத குருதியை ஏற்றல்

கைகுலுக்குதல், கட்டியணைத்தல், ஒரே பாத்திரத்தில் உண்ணல் என்பவற்றால் இது பரவாது. ஆகவே தொற்றுள்ள ஒருவரை ஒதுக்கி வைப்பதற்கு எந்த விஞ்ஞானக் காரணமும் இல்லை. இவ்வைரசு உடலுக்கு வெளியேயும் குறைந்தது 7 நாட்கள் தொற்றும் ஆற்றலுடன் இருக்கக்கூடியது என்பதையும் நினைவில் கொள்க. உலர்ந்த குருதிக் கறையும் ஆபத்தானதே.

தொற்று ஏற்படும் வயது மிக முக்கியமானது. பிறக்கும்போது தொற்றினால் ஏறக்குறைய 90% ஆனோரில் அது நாட்பட்ட தொற்றாக மாறும். வளர்ந்தோரில் தொற்றினால் 5% இலும் குறைவானோரிலேயே அவ்வாறு நிகழும். நாட்பட்ட தொற்றானது பல ஆண்டுகளின் பின்னர் சிரோசிஸ் எனப்படும் ஈரல் சிதைவுக்கும் ஈரற் புற்றுநோய்க்கும் இட்டுச் செல்லலாம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி 2022 ஆம் ஆண்டில் உலகில் 25 கோடி 40 இலட்சம் பேர் நாட்பட்ட ஈரலழற்சி பி தொற்றுடன் வாழ்ந்தனர். அவ்வாண்டில் ஏறத்தாழ 11 இலட்சம் பேர் இதனால் இறந்தனர்.

ஆகவே இத்தடுப்பூசியின் முதன்மை நோக்கம் நாட்பட்ட தொற்றையும் அதன் வழிவரும் ஈரற் புற்றுநோயையும் தடுப்பதாகும். இதனை மனதில் இருத்திக்கொள்க, பின்னர் தேவைப்படும்.

2. தடுப்பூசி உருவான வரலாறு – சுருக்கம்

• 1965 – அமெரிக்க விஞ்ஞானி பரூக் புளூம்பேர்க்கும் அவரது குழுவினரும், அவுஸ்திரேலிய ஆதிவாசி ஒருவரின் குருதியிற் கண்ட புதிய புரதமொன்றைப் பற்றி அறிக்கையிட்டனர். அதற்கு “அவுஸ்திரேலியப் பிறபொருளெதிரியாக்கி” எனப் பெயரிடப்பட்டது. அது ஈரலழற்சி பி வைரசின் மேற்பரப்புப் புரதம் என்பது பின்னர் தெளிவாயிற்று.
• 1976 – புளூம்பேர்க் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். அவரது பிறந்த நாளான யூலை 28 உலக ஈரலழற்சி தினமாக அனுட்டிக்கப்படுகின்றது.
• 1981 – தொற்றுள்ளோரின் குருதித் திரவவிழையத்திலிருந்து மேற்பரப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்துத் தயாரித்த முதலாவது தடுப்பூசிக்கு ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.
• 1986 – அப்புரதத்துக்குரிய பரம்பரையலகை மதுவக் கலங்களுள் செலுத்தித் தயாரித்த தடுப்பூசி அனுமதிக்கப்பட்டது. மனிதருக்கான தடுப்பூசிகளுள் பிறப்புரிமைப் பொறியியல் மூலம் உருவான முதலாவது இதுவாகும். இன்று பரவலாகப் பயன்படுவது இவ்வகையே.

இங்கு ஒரு முக்கிய கருத்து உள்ளது. இத்தடுப்பூசியில் முழு வைரசு இல்லை. வைரசின் மேற்பரப்புப் புரதம் மட்டுமே உள்ளது. ஆகவே தடுப்பூசியால் எவருக்கும் ஈரலழற்சி பி நோய் ஏற்பட முடியாது.

இலங்கையில் குழந்தைகளுக்கு 2, 4, 6 மாதங்களில் மூன்று தடவைகள் இது வழங்கப்படுகின்றது. தொண்டைக்கரப்பன், குக்கல், ஏற்புவலி ஆகியவற்றுக்கு எதிரான மருந்துகளும் சேர்ந்த ஐங்கூட்டுத் தடுப்பூசியின் ஒரு பகுதியாக இது உள்ளது.

3. மீட்டல்: நிர்ப்பீடனம்

உடலினுள் புகும் நோயாக்கிகளை எதிர்த்து நிற்கும் ஆற்றல் நிர்ப்பீடனம் எனப்படும்.

பிறபொருளெதிரியாக்கி: நிர்ப்பீடனத் தூண்டற்பேற்றை உண்டாக்கும் அந்நியப் பொருள். உதாரணம்: வைரசின் மேற்பரப்புப் புரதம்.
பிறபொருளெதிரி: அதற்கு எதிராக உடல் உற்பத்தி செய்யும் சிறப்பான புரதம்.

தடுப்பூசி ஏற்றப்பட்டதும் நிணநீர்க்குழியங்கள் தூண்டப்படுகின்றன. அவற்றில் ஒரு பகுதி பிறபொருளெதிரிகளைச் சுரக்கும் கலங்களாகின்றது. இன்னொரு பகுதி ஞாபகக் கலங்களாக உடலில் நீண்ட காலம் தங்குகின்றது.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி விளங்கிக்கொள்வதே இப்பாடத்தின் திறவுகோல். ஊரிற் கள்வர் பயம் வந்த காலத்தில் இரவிரவாகக் காவல் நிற்போரைப் போன்றவை குருதியில் உள்ள பிறபொருளெதிரிகள். பயம் நீங்கியதும் காவலர் தொகை குறையும். ஆனால் கள்வனின் முகத்தை அறிந்த ஊரவர் தம் வீடுகளிலேயே இருக்கின்றனர். அவன் மீண்டும் வந்தால் உடனே இனங்கண்டு ஆட்களைத் திரட்டுவர். ஞாபகக் கலங்கள் அத்தகையவை.

தடுப்பூசியால் கிடைப்பது செயற்கையாகப் பெறப்பட்ட உயிர்ப்பான நிர்ப்பீடனம் ஆகும். தொற்றுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்குச் சில வேளைகளில் ஏற்றப்படும் ஆயத்தப் பிறபொருளெதிரி மருந்தாகிய இமியுனோகுளோபியுலின் வழங்குவது செயற்கையாகப் பெறப்பட்ட உயிர்ப்பற்ற நிர்ப்பீடனம் ஆகும். முன்னையதில் ஞாபகக் கலங்கள் உருவாகும், பின்னையதில் உருவாகா. ஆதலால் பின்னையது சில மாதங்களே நிலைக்கும்.

4. பிறபொருளெதிரியின் மட்டம் காலத்துடன் எவ்வாறு மாறும்?

ஈரலழற்சி பி மேற்பரப்புப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரியைக் குருதிப் பரிசோதனை மூலம் அளவிடலாம். அளவீட்டு அலகு, ஒரு மில்லிலீற்றருக்கு மில்லி சர்வதேச அலகு ஆகும். இப்பாடத்தில் இனிமேல் அதனைச் சுருக்கமாக “அலகு” என்போம்.

மூன்று தடவைகளும் முடிந்து 1 முதல் 2 மாதங்களில் 10 அலகு அல்லது அதற்கு மேல் இருப்பின் அவர் பாதுகாப்புப் பெற்றவராகக் கொள்ளப்படுவார். ஆரோக்கியமான குழந்தைகளிலும் இளைஞரிலும் 95% இற்கு மேற்பட்டோர் இம்மட்டத்தை அடைகின்றனர். 40 வயதின் பின்னர் முதன்முறையாக ஊசி பெறுவோரில் இவ்வீதம் குறைவு.

அதன் பின்னர் மட்டம் படிப்படியாக இறங்குகின்றது. முதலாவது ஆண்டில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் இறங்கும். ஊசி பெற்ற வயதும் இதில் செல்வாக்குச் செலுத்துகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் தொகுத்த தரவுகளின்படி, தடுப்பூசி பெற்று ஏறத்தாழ 18 ஆண்டுகளின் பின்னர் 10 அலகு அல்லது அதற்கு மேல் காணப்பட்டோர்:

ஒரு வயதுக்கு முன் ஊசி பெற்றோர் – சுமார் 16%
ஒரு வயதிலும் அதற்குப் பின்னரும் ஊசி பெற்றோர் – சுமார் 74%

முதலாவது எண்ணைப் பார்த்ததும் பலர் திகைப்படைவர். குழந்தையாக ஊசி பெற்ற நூறு பேரில் எண்பதுக்கும் மேற்பட்டோர் பதினெட்டு வயதில் 10 அலகிலும் கீழே நிற்கின்றனர். அப்படியாயின் அவர்கள் பாதுகாப்பை இழந்துவிட்டார்களா?

5. மட்டம் குறைதல் என்பது பாதுகாப்பு அற்றுப்போதல் அன்று

இல்லை என்பதே விடை. அதற்கான காரணம் இரண்டு நேர அளவுகளை ஒப்பிடுவதில் தங்கியுள்ளது.

முதலாவது, நோயரும்பு காலம். நோயாக்கி உடலிற் புகுந்தது முதல் அறிகுறிகள் தோன்றும் வரையான காலமே நோயரும்பு காலம் ஆகும். ஈரலழற்சி பி இல் இது 30 முதல் 180 நாட்கள். சராசரியாக 75 நாட்கள்.

இரண்டாவது, ஞாபகக் கலங்கள் விழித்தெழுந்து போதிய பிறபொருளெதிரிகளை உண்டாக்க எடுக்கும் காலம். இது சில நாட்கள் முதல் இரு வாரங்கள் வரையிலானது.

வைரசு மெதுவாகப் பெருகுகின்றது. ஞாபகக் கலங்கள் விரைவாகச் செயற்படுகின்றன. ஆகவே குருதியில் பிறபொருளெதிரி அளவிட முடியாத அளவுக்குக் குறைந்திருந்தாலும், வைரசு ஈரலில் நிலைகொள்வதற்கு முன் உடல் அதனை முறியடிக்கப் போதிய அவகாசம் கிடைக்கின்றது. இதனையே நிர்ப்பீடன ஞாபகம் என்கின்றோம்.

ஏற்புவலியுடன் ஒப்பிடுக. ஏற்புவலியின் நோயரும்பு காலம் பொதுவாக 3 முதல் 21 நாட்கள். அங்கு தீங்கு செய்வது பற்றீரியா சுரக்கும் நச்சு. மிகச் சிறிய அளவு நச்சே நரம்புகளைத் தாக்கப் போதுமானது. அந்நச்சு நரம்பைச் சென்றடையுமுன் பிறபொருளெதிரி குருதியில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். ஞாபகக் கலங்கள் விழித்தெழும் வரை காத்திருக்க நேரமில்லை. ஆதலால் ஏற்புவலிக்குப் பூஸ்டர் ஊசிகள் அவசியம். ஆரோக்கியமானோருக்கு ஈரலழற்சி பி பூஸ்டர் வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. “எல்லாத் தடுப்பூசிக்கும் பூஸ்டர் வேண்டும்” என்பதும் “எதற்கும் வேண்டாம்” என்பதும் இரண்டும் பிழையே. ஒவ்வொரு நோயின் இயல்பையும் நோக்கியே முடிவு செய்யப்படும்.

6. இதனை எவ்வாறு நிரூபித்தனர்?

விஞ்ஞானத்தில் நியாயம் மட்டும் போதாது, சான்று வேண்டும். மூன்று வகையான சான்றுகளை நோக்குவோம்.

(அ) நீண்டகாலத் தொடராய்வு – அலாஸ்கா

அலாஸ்காவின் பூர்வீகக் குடிகளிடையே ஈரலழற்சி பி மிகுதியாகக் காணப்பட்டது. 1981 இல் அங்கு 15 கிராமங்களைச் சேர்ந்த 1,578 பேருக்கு மூன்று தடவைகள் தடுப்பூசி ஏற்றப்பட்டது. அவர்கள் 6 மாதக் குழந்தைகள் முதல் வளர்ந்தோர் வரையிலானோர். பின்னர் பல தசாப்தங்களாக அவர்கள் தொடர்ந்து பரிசோதிக்கப்பட்டனர்.

22 ஆண்டுகளின் பின் பரிசோதிக்கப்பட்ட 493 பேரில் 60% ஆனோர் 10 அலகு அல்லது அதற்கு மேல் கொண்டிருந்தனர். புதிய கடும் தொற்றோ நாட்பட்ட தொற்றோ எவரிலும் கண்டறியப்படவில்லை. மட்டம் குறைந்திருந்தோரில் 164 பேருக்கு ஒரு பூஸ்டர் ஊசி ஏற்றியபோது, 10 முதல் 14 நாட்களுக்குள்ளேயே அவர்களில் 77% ஆனோரின் மட்டம் மீண்டும் 10 அலகை எட்டியது. முதன்முறை ஊசி பெறும் ஒருவரில் இவ்வளவு விரைவான எழுச்சி நிகழ்வதில்லை. ஞாபகக் கலங்கள் உயிருடன் இருந்தமைக்கு இதுவே சான்று.

30 ஆண்டுகளின் பின், இடையில் வேறு ஊசி பெறாத 243 பேர் பரிசோதிக்கப்பட்டனர். 125 பேர் போதிய மட்டத்தைக் கொண்டிருந்தனர். குறைந்திருந்தோரில் 85 பேருக்குப் பூஸ்டர் ஏற்ற, 30 நாட்களில் 75 பேர் தூண்டற்பேற்றைக் காட்டினர். இரண்டையும் சேர்த்து, பங்குபற்றியோரில் 90% அல்லது அதற்கு மேற்பட்டோரில் பாதுகாப்புக்கான சான்று உள்ளதென ஆய்வாளர் மதிப்பிட்டனர்.

35 ஆண்டுகளின் பின் இம்மதிப்பீடு 86% ஆக இருந்தது. எட்டுப் பேரில் வைரசைச் சந்தித்தமைக்கான அடையாளம் காணப்பட்டது. ஆனால் அவர்களுள் ஒருவரிடமேனும் வைரசு நிலைகொண்டிருக்கவில்லை. அதாவது வைரசு வந்தது, உடல் அதனை இனங்கண்டது, வெளியேற்றியது.

(ஆ) நாடளாவிய விளைவு – தாய்வான்

தாய்வானில் 1984 யூலையில், தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி வழங்கும் திட்டம் தொடங்கியது. 1986 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. தலைநகர் தாய்பேயில் 15 வயதுக்குட்பட்டோரில் வைரசைக் காவுவோர் வீதம்:

1984 – 9.8%
1994 – 1.3%
1999 – 0.7%

6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளில் ஈரற் புற்றுநோயின் வருடாந்த வீதம் 1981–1986 காலப்பகுதியில் இலட்சத்துக்கு 0.70 ஆக இருந்து, 1990–1994 காலப்பகுதியில் 0.36 ஆகக் குறைந்தது. புற்றுநோய் ஒன்றைத் தடுப்பூசியால் தடுக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டிய முதலாவது சான்று இதுவாகும்.

(இ) முரணான அவதானங்களும் உண்டு

நேர்மையான விடை இதனையும் கூற வேண்டும். குழந்தையாக ஊசி பெற்ற இளைஞர்களுக்குப் பூஸ்டர் ஏற்றிப் பார்த்தபோது ஒரு பகுதியினர் தூண்டற்பேற்றைக் காட்டவில்லை. தாய்வானில் நடந்த ஆய்வுகளிலும் இது அவதானிக்கப்பட்டது. ஒரு சிலரில் ஞாபகம் மங்கியிருக்கலாம் என்பதை இது உணர்த்துகின்றது. எனினும் அங்குள்ள இளைஞர்களிடையே நாட்பட்ட தொற்று மீண்டும் பெருகவில்லை. மேலும் வளர்ந்தோரில் தொற்று நாட்பட்டதாக மாறும் வாய்ப்பு இயல்பாகவே குறைவு என்பதை மேலே கண்டோம்.

இவை அனைத்தையும் கருத்திற்கொண்டு, பாதுகாப்பானது குறைந்தது 20 ஆண்டுகளும் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நிலைக்கும் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. மூன்று தடவைகளும் முழுமையாகப் பெற்ற ஆரோக்கியமானோருக்கு வழக்கமான பூஸ்டர் ஊசியை அது பரிந்துரைக்கவில்லை.

7. விதிவிலக்குகள்: யார் பரிசோதிக்கப்பட வேண்டும்?

• மருத்துவர், தாதியர், ஆய்வுகூட உத்தியோகத்தர், இத்துறைகளிற் பயிற்சி பெறும் மாணவர்
• சிறுநீரகச் செயலிழப்பினால் இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்வோர்
• எச்.ஐ.வி. தொற்று, சில மருந்துகள் முதலியவற்றால் நிர்ப்பீடனம் நலிந்தோர்
• தொற்றுள்ளவரின் வாழ்க்கைத் துணை
• தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைகள்

இவர்களில் சிலருக்குப் பூஸ்டரோ மீண்டும் மூன்று தடவைகளோ தேவைப்படலாம். அதனைத் தீர்மானிப்பவர் வைத்தியர்.

8. குருதிப் பரிசோதனை அறிக்கையை விளங்கிக்கொள்ளல்

மூன்று பரிசோதனைகள் முக்கியமானவை.

முதலாவது: மேற்பரப்புப் புரதம் – நேர் எனின் வைரசு தற்போது உடலில் உள்ளது.
இரண்டாவது: மேற்பரப்புப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி – நேர் எனின் பாதுகாப்பு உள்ளது.
மூன்றாவது: வைரசின் உள்ளகப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி – நேர் எனின் உண்மையான வைரசு எப்போதோ உடலிற் புகுந்துள்ளது.

தடுப்பூசியில் உள்ளகப் புரதம் இல்லை. ஆகவே தடுப்பூசி மட்டும் பெற்றவரில் மூன்றாவது பரிசோதனை எதிராகவே இருக்கும். இதிலிருந்து பின்வருமாறு முடிவு செய்யலாம்.

முதலாவது எதிர், இரண்டாவது நேர், மூன்றாவது எதிர் → தடுப்பூசியால் பெற்ற நிர்ப்பீடனம்
முதலாவது எதிர், இரண்டாவது நேர், மூன்றாவது நேர் → தொற்று வந்து நீங்கியவர்
முதலாவது நேர், இரண்டாவது எதிர், மூன்றாவது நேர் → தொற்று உள்ளவர்
மூன்றும் எதிர் → ஒன்றில் தடுப்பூசி பெறாதவர், அல்லது முன்னர் பெற்று மட்டம் குறைந்தவர்

இறுதி வரியைக் கவனியுங்கள். ஒரே அறிக்கை இரு வேறுபட்ட மனிதருக்கு உரியதாகலாம். அவர்களை வேறுபடுத்துவது பழைய பதிவேடு மட்டுமே. உங்கள் பிள்ளை சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை அம்மா அலுமாரியில் எங்கோ பத்திரப்படுத்தி வைத்திருப்பார். அதனை எடுத்து மூன்று தடவைகளும் குறிக்கப்பட்டுள்ளனவா எனப் பாருங்கள். இடம்பெயர்வினாலோ வேறு காரணத்தாலோ அது தொலைந்திருப்பின் உங்கள் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரியுங்கள். தடவைகள் விடுபட்டிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நினைவில் கொள்க

1. பிறபொருளெதிரி குறையும், ஞாபகம் நிலைக்கும்.
2. 10 அலகு என்பது ஊசி முடிந்து 1–2 மாதங்களில் நோக்கப்படும் மட்டம். வாழ்நாள் முழுவதும் பேணப்பட வேண்டிய மட்டம் அன்று.
3. நீண்ட நோயரும்பு காலமே ஞாபகக் கலங்களுக்கு அவகாசம் அளிக்கின்றது.
4. தடுப்பூசி ஈரலழற்சி பி ஐத் தடுக்கும். ஏ, சி என்பவற்றையோ எச்.ஐ.வி. யையோ தடுக்காது. ஆகவே பிறர் பயன்படுத்திய ஊசியையும் சவர அலகையும் தவிர்த்தே ஆக வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

பகுதி I – மிகப் பொருத்தமான விடையைத் தெரிவுசெய்க.

1. ஈரலழற்சி பி தடுப்பூசியில் அடங்கியிருப்பது
(1) உயிருள்ள நலிந்த வைரசு (2) கொல்லப்பட்ட முழு வைரசு (3) வைரசின் மேற்பரப்புப் புரதம் (4) ஆயத்தப் பிறபொருளெதிரி

2. இத்தடுப்பூசியால் கிடைப்பது
(1) இயற்கையாகப் பெறப்பட்ட உயிர்ப்பான நிர்ப்பீடனம் (2) செயற்கையாகப் பெறப்பட்ட உயிர்ப்பான நிர்ப்பீடனம் (3) இயற்கையாகப் பெறப்பட்ட உயிர்ப்பற்ற நிர்ப்பீடனம் (4) செயற்கையாகப் பெறப்பட்ட உயிர்ப்பற்ற நிர்ப்பீடனம்

3. ஈரலழற்சி பி பரவாத வழி
(1) பச்சை குத்தும் கருவி (2) பிறப்பின்போது தாயிடமிருந்து (3) ஒரே கோப்பையில் தேநீர் அருந்தல் (4) பிறர் பயன்படுத்திய சவர அலகு

4. தடுப்பூசி மட்டும் பெற்ற ஒருவரின் குருதியில் ஒருபோதும் எதிர்பார்க்க முடியாதது
(1) ஞாபகக் கலங்கள் (2) மேற்பரப்புப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி (3) உள்ளகப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி (4) நிணநீர்க்குழியங்கள்

பகுதி II – அமைப்புக் கட்டுரை வினா

குழந்தைப் பருவத்தில் மூன்று தடவைகளும் தடுப்பூசி பெற்ற 19 வயது மாணவி ஒருவர் தாதியர் பயிற்சிக்குத் தெரிவானார். பரிசோதனையில் அவரது பிறபொருளெதிரி மட்டம் 4 அலகு எனக் காணப்பட்டது. “சிறுவயதில் ஏற்றிய ஊசி வீணாகிவிட்டது” என அவரது தந்தையார் கவலைப்பட்டார்.

(அ) தந்தையாரின் முடிவு சரியானதா? காரணம் தருக.
(ஆ) அம்மாணவிக்கு ஞாபகக் கலங்கள் உள்ளனவா என்பதை எவ்வாறு அறியலாம்?
(இ) பொதுவாக இளைஞருக்குப் பூஸ்டர் தேவையில்லை எனினும் இவருக்கு மட்டும் பரிசோதனை அவசியமானது ஏன்?
(ஈ) அலாஸ்கா ஆய்வில் 30 ஆண்டுகளின் பின் 243 பேரில் 125 பேர் போதிய மட்டத்தைக் கொண்டிருந்தனர். எஞ்சியோர் அனைவருக்கும் பூஸ்டர் ஏற்றியிருந்தால் அவர்களில் 88% ஆனோர் தூண்டற்பேற்றைக் காட்டுவர் எனக் கொண்டு, பாதுகாப்புடையோரின் மொத்தச் சதவீதத்தைக் கணிக்க.

விடைகள்

பகுதி I: 1 – (3), 2 – (2), 3 – (3), 4 – (3)

பகுதி II:
(அ) சரியானதன்று. குழந்தையாக ஊசி பெற்றோரில் பெரும்பாலானோரின் மட்டம் இவ்வயதில் 10 அலகிலும் குறைவது இயல்பே. ஞாபகக் கலங்கள் நிலைத்திருக்கும். நோயரும்பு காலம் நீண்டதாகையால், தொற்று ஏற்படின் அவை பிறபொருளெதிரிகளை உற்பத்தி செய்யப் போதிய அவகாசம் உண்டு.
(ஆ) ஒரு தடவை தடுப்பூசி ஏற்றி, 1–2 மாதங்களில் மட்டத்தை மீண்டும் அளவிடல் வேண்டும். 10 அலகு அல்லது அதற்கு மேல் உயரின் ஞாபகம் இருந்ததெனக் கொள்ளலாம். உயராவிடின் எஞ்சிய இரு தடவைகளும் வழங்கப்பட்டு மீண்டும் பரிசோதிக்கப்படுவார்.
(இ) தொழிலின்போது ஊசி குத்துதல், குருதி தெறித்தல் போன்றவற்றால் தொற்றுக்குள்ளாகும் வாய்ப்பு அவருக்கு அதிகம். அவ்வாறான விபத்து நேர்ந்தால் இமியுனோகுளோபியுலின் வழங்க வேண்டுமா என்பதை உடனே முடிவு செய்ய அவரது நிலை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.
(ஈ) எஞ்சியோர் = 243 – 125 = 118
தூண்டற்பேறு காட்டுவோர் = 118 × 88/100 ≈ 104
பாதுகாப்புடையோர் = 125 + 104 = 229
சதவீதம் = 229/243 × 100 ≈ 94%

பரீட்சார்த்திகள் கவனத்துக்கு: (அ) போன்ற வினாக்களில் “சரியானதன்று” என்று மட்டும் எழுதினால் முழுப் புள்ளிகள் கிடைக்கா. ஞாபகக் கலம், நோயரும்பு காலம் என்னும் இரு கருத்துகளையும் தொடர்புபடுத்தி எழுதுங்கள். இதே முறையில் ஏற்புவலித் தடுப்பூசியைப் பற்றியும் ஒரு விடையை நீங்களாகவே எழுதிப் பாருங்கள்.